அவளுக்குத் தெரிஞ்ச முகம்

உக்காருங்கக்கா. பை இருக்கேன்னு பாக்காதீக, எடுத்துருதேன். ஒருத்திக்குப் போட்டு வச்ச எடம் அது. காப்பி வாங்கப் போயிருக்கா. வந்தா நிக்கட்டும். நின்னா ஒன்னும் கொறஞ்சு போயிர மாட்டா.

உங்க வீட்டுக்காரருக்கா? முதுகுத் தண்டா? பயப்படாதீகக்கா, இங்க நல்லாப் பாக்காக. எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு. மூக்குன்னா மூக்கு இல்ல, மூக்கு வழியாப் போயி மூளைக்கு அடியில. ஏற்கெனவே ஒரு தடவ பண்ணியாச்சு. கட்டிய எடுத்தாச்சு. இன்னைக்கு ஓட்டைய அடைக்காக. எடுத்தது பெருசு இல்ல, அடைக்கறதுதான் பெரும்பாடா இருக்கு.

கட்டின்னா புத்துநோய் இல்ல, சத்தியமாச் சொல்லுதேன். மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்காம். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. இவுகளுக்கு அதுல கட்டி. சின்னப் புள்ளைக வளர்றதுக்குச் சுரக்கற தண்ணிய அது பாட்டுக்குச் சுரந்துக்கிட்டே இருந்திருக்கு. நாப்பது வயசு ஆம்பளைக்கு அது சுரந்தா என்ன ஆகும்? ஒசரத்துக்கா வளர முடியும்? கை பெருக்கும், கால் பெருக்கும், மூக்கு அகலும், உதடு தடிக்கும், தாடை முன்னால வரும். அதுவும் ஒரு நாள்ல இல்ல, வருஷக் கணக்குல. கூடவே இருக்கறவளுக்குத் தெரியாது. பெரிய டாக்டரே சொன்னாரு, தெரியாதுன்னு. நான் வேணும்னே அவர இன்னொரு தடவ சொல்ல வச்சேன். ஏன்னா கண்டுபிடிச்சது நான் இல்ல. அவ.

அவதான், காப்பி வாங்கப் போனவ. செண்பகவல்லி. எங்களுக்குக் கோவில்பட்டி, அம்மன் பேரு அதுதான், தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருப்பா. இவ எங்க வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் மக. மொறப்பொண்ணு. இவுகளுக்குத்தான் பேசி வச்சிருந்தாக. ஜாதகம் சேரலன்னு பூனா மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டாக. முடிஞ்சு போன கத. நான் அத நெனைக்கறதே இல்ல. ஒரே ஒரு பொருத்தம்தான் இடிச்சுதாம், ரஜ்ஜு. மத்த ஒம்போதும் பொருந்தியிருக்கு. எனக்கும் இவுகளுக்கும் ஆறுதான் பொருந்துச்சு. ஆனா நான் அத நெனைக்கறதே இல்லக்கா.

போன தையில அவ அண்ணன் புள்ளைக்குக் காதுகுத்து. பூனாவுலருந்து வந்திருந்தா. எங்க கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனவ, பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் பாக்கா. வந்து எங்க முன்னால நின்னா. "வாங்க"ங்கல, "நல்லாருக்கீகளா"ங்கல. இவுக மூஞ்சியவே பாக்கா. நெத்தியப் பாக்கா, மூக்கப் பாக்கா, வாயப் பாக்கா. எம்முன்னால ஒருத்தி எம்புருஷன அப்படிப் பாத்தா நான் என்னக்கா நெனைக்க? பெறகு கேக்கா, "மச்சான், உங்க மூஞ்சிக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு, வயசாச்சு"ன்னேன் நான். இவுக சிரிச்சாக. அவ விடல. "கையக் காட்டுங்க மச்சான்"னா. காட்டுதாகக்கா! பந்தியில உக்காந்திருக்கற அத்தன பேரு முன்னாலயும், ஜோசியக்காரன்கிட்ட நீட்டற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுதாக. "கல்யாண மோதிரம் எங்க?"ன்னா. அது இறுக்கிப் பிடிச்சு, ஆசாரி வெட்டி எடுத்தாரு. எங்கப்பா போட்ட மோதிரம். அத விசாரிக்க அவ யாரு?

அவ வீட்டுக்காரரு கம்பெனியில ஒருத்தருக்கு இப்படி இருந்துச்சாம். "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க மச்சான்"னா. மறுநாளே போயிட்டாக. நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன்? கொறட்ட தாங்கல, டாக்டரப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். வருஷத்துக்கு ஒரு செருப்பு பத்தாமப் போகுதே, என்ன காலுன்னு கேட்டிருக்கேன். "போடி, வேலையப் பாரு"ன்னுதான் சொல்வாக. அவ சொன்னா மட்டும் ரத்தம் குடுக்கப் போறாக, வெறும் வயித்துல, காப்பிகூடக் குடிக்காம.

இவுக கண்டக்டரு. சங்கரன்கோவில் வண்டி. அந்த வண்டியில ஏறுற எறங்குற சனத்துல ஒருத்தர்கூடவா கேக்கல? தெனம் பாக்கற யாருக்கும் தெரியலைல்ல? அப்ப எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இதக் கேளுங்க. பெரிய டாக்டரு பழைய போட்டோ இருந்தாக் கொண்டாங்கன்னாரு. எப்பருந்து மாறுதுன்னு பாக்கணுமாம். நான் கல்யாண ஆல்பத்தத் தூக்கிட்டுப் போனேன். பெரட்டிப் பாத்துட்டு, "இதுலயே ஆரம்பிச்சிருச்சேம்மா, இதுக்கு முந்தினது இல்லையா?"ன்னாரு. முந்தினது எங்கிட்ட எப்படிக்கா இருக்கும்? எம்மாமியாரு வீட்டு போட்டோவெல்லாம் மழைத் தண்ணியில ஊறி ஒட்டிப் போச்சு. யாருகிட்ட இருந்துச்சு? செண்பகத்துகிட்ட. ஊருக்குப் போகாம அண்ணன் வீட்டுலயே தங்கிட்டாளே, அவ செல்லுல வச்சிருக்கா. குத்தாலத்துல குடும்பத்தோட குளிச்சுட்டு ஈரத் துண்டோட நிக்காக. "எல்லாரும் இருக்கற போட்டோதானக்கா"ங்கா எங்கிட்ட. எல்லாரும் இருந்தா என்ன, இவுகளும் இருக்காகள்ல?

என்னைய அக்காங்கா பாருங்க. என்னவிட ரெண்டு வயசு மூத்தவ.

அந்தப் போட்டோவப் பெருசாக்கிக் காட்டுனா. எனக்கு அந்த ஆளு யாருன்னே தெரியலக்கா. ஒல்லியா, கூரான மூக்கு, சின்னத் தாடை. அழகாத்தான் இருந்தாக, அதான் வயித்தெரிச்சல். "இதான் மச்சானோட மூஞ்சி"ன்னு டாக்டர்கிட்டச் சொல்லுதா. அப்ப பதினோரு வருஷமா நான் பாக்கற மூஞ்சி யாரு மூஞ்சி?

என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் மூஞ்சிய எங்க பாத்தேன்? குனிஞ்ச தலையோட காப்பி குடுத்தேன், கையத்தான் பாத்தேன். டம்ளர் அந்தக் கைக்குள்ள காணாமப் போச்சு. எவ்வளவு பெரிய கை, இதுக்குள்ள இருந்துக்கிடலாம்னு அன்னைக்கே மனசுல விழுந்துருச்சு. இப்பச் சொல்லுதாக, அந்தக் கையே நோயி குடுத்ததுன்னு. அவளுக்குத் தெரிஞ்சது இவுக. எனக்குத் தெரிஞ்சது நோய் வந்த இவுக. இத யாருகிட்டப் போயிச் சொல்ல? உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க எந்த ஊரோ.

சரி, ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டிய எடுத்தது பெரிய டாக்டரு. ஓட்டைய அடச்சது மூக்கு டாக்டரம்மா. அவுக எனக்குப் பொறுமையாச் சொன்னாக. மூளைக்கு அடியில ஒரு தரை மாதிரி எலும்பு இருக்காம். அதுல ஓட்டை போட்டுத்தான் கட்டிய எடுக்கணும். பெறகு அந்த ஓட்டைய அடைக்கணும், இல்லன்னா மூளையச் சுத்தி இருக்கற தண்ணி மூக்கு வழியா ஒழுகிரும். தொடையில இருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து வச்சு, மேல பசை போட்டிருக்காகளாம். அது ஒட்டற வரைக்கும் குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கச் சிந்தக் கூடாது, விசில் ஊதக் கூடாது. தும்மல் வந்தா வாய நல்லாத் தொறந்து தும்மணும். பொத்துனா காத்து மேல போயி அடப்பத் தள்ளிருமாம்.

வீட்டுல அப்படித்தான் தும்முனாக. வாய ஆன்னு தொறந்து, எச்சி தெறிக்க, எதுத்த வீட்டு நாயி எந்திரிச்சுக் குலைக்கற மாதிரி. சோறு ஊட்டும்போது எம்மூஞ்சிலயே தும்முனாக. முந்தானையால தொடச்சுக்கிட்டு அடுத்த வாய் ஊட்டுனேன். வாசனை தெரியலன்னாக, ருசி தெரியலன்னாக. அது போகப் போக வரும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக.

அப்பத்தான் அவ பாக்க வாரா. எனக்குன்னு ரெண்டு மொழம் பிச்சிப்பூ வாங்கிட்டு. எனக்கு எதுக்குப் பூ, லஞ்சமா? தலை நெறைய அவளும் வச்சிருக்கா. இவுக கட்டில்ல, அவ எதுத்தாப்பில நாற்காலியில. குத்தாலக் கத எல்லாம் பேசுதாக. இவுக சிரிக்காக. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது தும்மல் முட்டிருச்சு. கண்ணு சொருகுது, மூக்கு விடைக்குது. "வாயத் தொறங்க, வாயத் தொறங்க"ன்னு அடுப்படியில இருந்து கத்திக்கிட்டே ஓடியாரேன். தொறக்கலக்கா. எதுத்தாப்பில அவ இருக்கான்னு துண்ட வச்சு வாயையும் மூக்கையும் சேத்துப் பொத்தி, உள்ளுக்குள்ளயே அடக்குனாக. பூனைக்குட்டி தும்முனாக்கூட அதவிடச் சத்தமாக் கேக்கும்.

எம்முன்னால வாயப் பொளந்து தும்முவாக. அவ முன்னால வெக்கம். அந்த வெக்கத்துல எனக்கு ஒரு துளி காட்டியிருக்காகளா இத்தன வருஷத்துல? கைலி நழுவுறது தெரியாம படுத்துக் கெடப்பாக, எங்கிட்ட என்னத்துக்கு வெக்கம்னு. அவ வந்தா சட்டைப் பித்தான கழுத்து வரைக்கும் போடுதாக.

மறுநா காலையில தலவாணி ஒரு ஓரம் நனஞ்சு கெடக்கு. வேர்வைன்னாக. வேர்வை ஒரு ஓரத்துல மட்டுமா வரும்? அன்னைக்கு மத்தியானம் கட்டில்ல உக்காந்து தலையத் தொங்கப் போட்டாக. தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு. நான் பாத்ததப் பாத்துட்டுத் துண்டால தொடச்சாக. அழுதாகன்னுதான் நெனச்சேன். நீங்க என்ன நெனச்சிருப்பீக? அவ வேற பூனாவுக்கு டிக்கெட் போட்டிருந்தா.

டாக்டரம்மா நம்பரு குடுத்திருந்தாக, என்னன்னாலும் கூப்புடுங்கன்னு. கூப்புட்டு என்னத்தச் சொல்ல? எம்புருஷன் மொறப்பொண்ண நெனச்சு அழுதாருன்னா? இது எங்க வீட்டு விசயம்லா. ஆனா நான் சும்மா இருக்கல. தலவாணிக்குக் கருநீல உறை போட்டேன், ஈரம் நல்லாத் தெரியும்னு. அவுக முகங்கழுவப் போன ஒடனே உறையத் தடவிப் பாப்பேன். காஞ்சிருந்தா நம்ம பக்கம், நனஞ்சிருந்தா அவ பக்கம். ஒரு நாளும் காயல.

"தொண்டையில உப்பா எறங்குது ஈஸ்வரி"ன்னாக ஒரு நாள். "கண்ணீர முழுங்குனா உப்பாத்தான் இருக்கும்"னு குத்திக் காட்டுனேன். முழிச்சாக. புரியாத மாதிரி நடிக்காகன்னு எனக்கு இன்னும் ஆத்திரம். தலை வலிக்குதுன்னாக. வலிக்கட்டும்னு விட்டுட்டேன்.

பெறகு அவ ஊருக்குப் போறேன்னு போன் பண்ணுனா. இவுக ரெண்டு வார்த்த பேசிட்டு, போன வச்சுட்டு, குனிஞ்சு உக்காந்தாக. சொட்டுச் சொட்டா விழுது. எனக்குப் பொறுக்கல. போயி தாடையப் பிடிச்சேன். பெரிய தாடைக்கா, கை நெறைய இருக்கும். பிடிச்சு மூஞ்சியத் தூக்கி, "யாருக்காக இந்த அழுகை? இன்னைக்கு ரெண்டுல ஒன்னு சொல்லுங்க"ன்னேன்.

பாத்தா, கண்ணு காஞ்சு கெடக்கு.

கண்ணுல ஒரு பொட்டு ஈரம் இல்ல. மூக்குலருந்து விழுது. அதுவும் வலது பக்கம் மட்டும். சரியா மூடாத குழாயில சொட்டுமே, அப்படி. சளி இல்ல, ரத்தம் இல்ல, தெளிஞ்ச பச்சத் தண்ணி. "அழலடி, சளி பிடிச்சிருக்கு போல. சொன்னா திரும்ப ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவன்னு சொல்லல"ங்காக.

அக்கா, உள்ளதச் சொல்லுதேன், எனக்கு மொதல்ல வந்தது சந்தோஷம். அழலையே! அவளுக்காக ஒரு சொட்டுகூட அழலையே! அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவுக மூக்குத் தண்ணி எந்தோள்ல விழுது. அந்தக் குளிர்ச்சி பட்ட பெறகுதான், இது என்ன தண்ணின்னு ஒறச்சுது. ஓட்டைய அடைக்கலன்னா மூக்கு வழியா ஒழுகும்னு டாக்டரம்மா சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பொடவ மாத்தக்கூட இல்ல, கார் பிடிச்சு மதுரைக்கு வந்துட்டேன்.

டாக்டரம்மா குனியச் சொல்லி ஒரு குப்பியில பிடிச்சு டெஸ்டுக்கு அனுப்புனாக. மூளைத் தண்ணியேதான். "இப்படியே விட்டிருந்தா கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வந்திருக்கும். உயிருக்கே ஆபத்து. யாரு கவனிச்சது?"ன்னாக. நான்தான்னேன். "நல்லவேளை"ன்னாக. செண்பகமும் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு வந்து நிக்கா. அவளுக்கும் கேக்கட்டும்னு, "என்ன சொன்னீக டாக்டர்?"னு திருப்பிக் கேட்டேன். இந்தத் தடவ கண்டுபிடிச்சது நான்லா? "எப்பருந்து ஒழுகுது?"ன்னாக. "இவ வந்து பாத்துட்டுப் போன மறுநாள்லருந்து"ன்னேன். டாக்டரம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்து, "அப்பவே போன் பண்ணியிருக்கலாமேம்மா"ன்னாக. கண்டுபிடிச்சுக் குடுத்தவகிட்டயே கொற சொல்லுதாக பாருங்க.

கொஞ்ச நாளு அசையாமப் படுக்க வச்சு, இடுப்புத் தண்டுல ஒரு சின்னக் குழாய வச்சு தண்ணிய வடிச்சுப் பாத்தாக. அதுவா அடைஞ்சிரும்னு பாத்தாக. அடையல. அதான் இன்னைக்கு மறுபடியும் உள்ள. இந்தத் தடவ வேற மாதிரி அடைக்காகளாம். மூக்கு ரெண்டு தொளைக்கும் நடுவுல சுவரு இருக்குல்ல, அதுல இருக்கற தோல உரிச்சு, அந்த ஓட்டை மேல போத்திருவாகளாம். முழுசா அறுத்து எடுக்க மாட்டாகளாம். ஒரு முனை ஒட்டியே இருக்குமாம், ரத்தம் ஓடணும்ல. "வேற எடத்துல இருந்து கொண்டு வந்து வச்சது நிக்கலம்மா. இது பக்கத்துலயே இருக்கறது, உசுரோட இருக்கும், நல்லாப் பிடிச்சுக்கும்"னாக. கேட்டீகளா? பக்கத்துலயே இருக்கறதுதான் பிடிக்கும். நான் செண்பகத்த ஒரு பார்வ பாத்தேன். அவ செல்ல நோண்டிக்கிட்டு இருக்கா.

நேத்து டாக்டரம்மா தனியா நிக்கும்போது மெல்லக் கேட்டேன், "கட்டியத்தான் எடுத்தாச்சே டாக்டர், இனி அந்தப் பழைய மூஞ்சி திரும்பி வந்துருமா?"ன்னு. ஆசையாக் கேக்கேன்னு நெனச்சுட்டாக. "கவலைப்படாதீங்கம்மா, மூக்கும் உதடும் கையும் கொஞ்சம் கொஞ்சமா வத்தும்"னாக. எனக்கு அழுகையே வந்துருச்சு. அத வேற மாதிரிப் புரிஞ்சுக்கிட்டு எந்தோளத் தட்டி, "ஆனா எலும்பு வளந்தது வளந்ததுதாம்மா. தாடை அப்படியேதான் இருக்கும். அத மட்டும் ஒன்னும் செய்ய முடியாது"ன்னு வருத்தமாச் சொன்னாக. எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சுக்கா. மூக்கையும் உதட்டையும் அவ வச்சுக்கிடட்டும். தாடை எனக்கு.

இன்னைக்குக் காலையில இவுகள உள்ள தள்ளிட்டுப் போன பெறகு, நானும் அவளும் இந்தா இப்படித்தான் உக்காந்திருந்தோம். மனசுக்குள்ள வச்சு வச்சு எனக்குத் தாங்கல. கேட்டுட்டேன். "அன்னைக்குக் காதுகுத்துல அம்புட்டு நேரம் என்னத்தப் பாத்த? இத்தன வருஷமா அந்த மூஞ்சிய மறக்காம வச்சிருந்தியா?"

அவ என்ன சொன்னா தெரியுமா? "எங்கக்கா ஞாபகம்? மறந்தே போச்சு. மண்டபத்து வாசல்ல மச்சான் எதுக்க வந்தாக, யாரோன்னு தாண்டிப் போயிட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு உள்ள வந்தா நீங்க நிக்கீக. நீங்க கல்யாணத்துல பாத்த மாதிரியே இருக்கீக. உங்களுக்குப் பக்கத்துல நிக்கறது மச்சானாத்தான இருக்கணும்? உங்கள வச்சுத்தான் அவுகள அடையாளம் தெரிஞ்சுது. அதான் நம்ப முடியாமப் பாத்துக்கிட்டே நின்னேன்"னா.

மறந்து போச்சாம்க்கா! எப்படி மறக்கும்? குத்தாலத்துல அப்படி நிக்காக, கூரான மூக்கும் அதுவுமா. ஒம்போது பொருத்தம் பொருந்தியிருக்கு. தாண்டிப் போனாளாம். எம்புருஷன் என்ன அவ்வளவு லேசா மறக்கற ஆளா? எனக்கு சிரிக்கணுமா, அவள நாலு சாத்து சாத்தணுமான்னு தெரியல. அதான் காப்பி வாங்கிட்டு வான்னு அனுப்பிச்சேன்.

இருங்க, கூப்புடுதாக. பரமகுருன்னுதான சொன்னாக? இந்தா வந்துட்டேன் சிஸ்டர்! நான்தான், நான்தான் அவுக வீட்டுல.

அடச்சாச்சா? ஒழுகலையே? அம்மா தாயே, செண்பகவல்லி... அம்மனச் சொன்னேங்க்கா.

முழிச்சுட்டாகளா? என்னது சிஸ்டர், தும்முனாகளா? அய்யய்யோ! எப்படித் தும்முனாக? வாயத் தொறந்தா? நெசமாவா? வார்டே திரும்பிப் பாக்கற மாதிரியா? ஒன்னும் ஆகலைல்ல?

கேட்டீகளாக்கா? நான் பக்கத்துல நிக்கேன்னு நெனச்சுட்டாக போல.

ஒரு ஆளுக்குத்தான் பாஸாம். இந்தா இருக்கு, எங்கிட்டத்தான் இருக்கு. அவ வந்தா இந்தச் சேர்ல உக்காரச் சொல்லுங்க, பையக் கீழ வச்சுக்கிடலாம். காப்பிய நீங்க குடிங்க, ஆறிரும். எங்கன்னு கேட்டா உள்ள போயிருக்கேன்னு சொல்லுங்க. பாஸக் கேட்டா மட்டும் இல்லன்னுருங்க. அவ உள்ள போனா மறுபடியும் வாயப் பொத்திக்கிடுவாக. பொறாமையில சொல்லலக்கா. அடப்பு நிக்கணும்ல?